லாபத்தில் இருக்கும் பங்கை எப்போது விற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் பங்குச் சந்தை பேசுவோம். நான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சொந்தப் பணத்தில் தவறு செய்துவருபவன், அவ்வளவுதான். அங்கே எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. எப்போது விற்பது என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போகும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இவை.

என் பங்கு 40 சதவீதம் ஏறியிருக்கிறது. விற்கலாமா?

தெரியாது. பதில் சொல்லத் தேவையான எதுவும் இந்தக் கேள்வியில் இல்லை. எந்த நிறுவனம், எதற்காக வாங்கினீர்கள், அந்தக் காரணம் இன்னும் நிற்கிறதா, பணம் உங்களுக்கு எப்போது வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிட்டு 40 என்ற எண்ணை மட்டும் நீட்டுகிறீர்கள். அந்த எண் நீங்கள் வாங்கிய விலையிலிருந்து பிறந்தது. அந்த விலையை இந்த உலகத்தில் நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர்: நீங்களும் வருமான வரித் துறையும். அதே பங்கை உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் வாங்கியிருந்தால் அவர் இன்று 5 சதவீத நஷ்டத்தில் இருப்பார். நீங்கள் "லாபம் வந்துவிட்டது, விற்கலாமா" என்பீர்கள். அவர் "நஷ்டம், எப்படி விற்பது" என்பார். பங்கு ஒன்று, நிறுவனம் ஒன்று, நாளை அதன் விலை போகப்போகும் இடமும் ஒன்று. வரியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், இருவருக்கும் வெவ்வேறு முடிவு எப்படிச் சரியாக இருக்கும்?

நான் செய்து பார்ப்பது இது. இந்தப் பங்குகள் என்னிடம் இல்லை, அவற்றின் இன்றைய மதிப்பு ரொக்கமாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். அந்த ரொக்கத்தைக் கொண்டு இன்றைய விலையில் இதையே வாங்குவேனா? வாங்குவேன் என்றால் பேசாமல் இருப்பேன். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன் என்றால் விற்க யோசிக்கத் தொடங்குவேன். பல நேரங்களில் "புதிதாக வாங்க மாட்டேன், இருப்பதை விற்கவும் மனமில்லை" என்ற இரண்டுங்கெட்டான் பதில்தான் வரும். அதிலும் தவறில்லை. விற்றால் வரி உண்டு, அடுத்த இடம் தேடும் வேலை உண்டு; அதனால் சும்மா இருப்பதற்குக் கொஞ்சம் சலுகை தரலாம்.

சரி, விற்பதற்கு நியாயமான காரணம் என்று எதைச் சொல்வீர்கள்?

பணம் தேவைப்படுவது. இதைச் சொன்னால் எல்லோரும் ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். ஏதோ ரகசியம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. மகளின் கல்லூரிக் கட்டணம் இன்னும் ஒன்றரை ஆண்டில் கட்ட வேண்டும் என்றால் அந்தப் பணம் இன்றே பங்குச் சந்தையை விட்டு வெளியேறுவதுதான் முறை. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் சரிந்து 26,000க்குக் கீழே முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 47,000ஐத் தாண்டிவிட்டது. காத்திருக்க முடிந்தவருக்கு அது ஒரு கெட்ட கனவு. ஏப்ரலில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அப்படி இல்லை.

இன்னொரு காரணம், வாங்கியபோது நம்பிய விஷயம் பொய்த்துப்போவது. இதில் நிறுவனத்தை நடத்துபவர்கள் மீதான நம்பிக்கை போவதற்கு நான் முதலிடம் தருவேன். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையில் எல்லோருக்கும் 2009 ஜனவரி 7ஆம் தேதிதான் நினைவிருக்கும். அன்று அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு கணக்குகளில் மோசடி செய்ததாகக் கடிதம் எழுத, 180 ரூபாய்க்கு அருகில் இருந்த பங்கு 40 ரூபாய் அளவுக்கு விழுந்தது. எனக்கு அதைவிட முக்கியமானது அதற்கு மூன்று வாரங்களுக்கு முந்தைய நாள். 2008 டிசம்பர் 16 அன்று, மென்பொருள் எழுதிச் சம்பாதித்த அந்த நிறுவனம், நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை சுமார் 160 கோடி டாலர் கொடுத்து வாங்கப் போவதாக அறிவித்தது. ஒன்று மனை வணிகம், மற்றொன்று கட்டுமானம். முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததும் சில மணி நேரத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மறுநாள் பங்கு 30 சதவீதம் சரிந்தது. பிறகு என்ன நடந்தது? விலை கொஞ்சம் மீண்டது! "திட்டத்தைத்தான் கைவிட்டுவிட்டார்களே, மலிவாகக் கிடைக்கிறதே" என்று வாங்கியவர்கள்கூட உண்டு. வெளியேற மூன்று வாரங்கள் கதவு திறந்தே இருந்தது. பங்குதாரர்களின் பணத்தைத் தன் குடும்ப வியாபாரத்துக்கு நகர்த்த முயன்றவர், முயற்சி தோற்றதால் மட்டும் யோக்கியராகிவிடுவாரா? இந்த மாதிரி நேரத்தில் லாபமா நஷ்டமா என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.

அப்புறம், ஒரே பங்கு வளர்ந்து வளர்ந்து உங்கள் மொத்தச் சேமிப்பில் பாதியாகிவிடுவது. இது நல்ல பிரச்சினைதான். இருந்தாலும் இரவில் தூக்கம் போகிற அளவு வந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதத்தில் குறைப்பது என்பதற்குச் சூத்திரம் ஏதுமில்லை. நான் எந்தப் பங்கையும் என் சேமிப்பில் கால்வாசியைத் தாண்ட விடுவதில்லை. என் நண்பர் ஒருவர் பத்து சதவீதத்துக்கு மேல் போனாலே பதறுவார்.

20 சதவீத லாபம் வந்தால் விற்றுவிடுவது என்று விதி வைத்திருக்கிறேன். அது தவறா?

விதி வைத்திருப்பது நல்ல பழக்கம். இந்த விதியைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. லாபத்துக்கு 20இல் கூரை போடுகிறீர்கள், சரி. நஷ்டத்துக்கு எங்கே தரை? இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஏறியதை 20இல் விற்றுவிட்டு, இறங்கியதை "வாங்கிய விலை வரட்டும்" என்று அடைகாத்துக்கொண்டிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் டிமேட் கணக்கை (பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் கணக்கு) திறந்து பார்த்தால் வெறும் நோஞ்சான்கள்தான் மிஞ்சியிருக்கும்.

இது என் கற்பனை இல்லை. புதிய பங்கு வெளியீடுகளில் பங்கு கிடைத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று செபி ஆராய்ந்து 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 20 சதவீதத்துக்கு மேல் லாபம் தந்த வெளியீடுகளில் தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமாக ஒரே வாரத்தில் விற்றிருந்தார்கள். நஷ்டம் தந்தவற்றில் விற்றது கால்வாசிக்கும் குறைவு. அமெரிக்காவில் டெரன்ஸ் ஓடீன் என்ற பொருளியலாளர் பத்தாயிரம் தரகுக் கணக்குகளை அலசி 1998இல் எழுதிய கட்டுரையிலும் இதே சங்கதிதான். அங்கே கூடுதலாக ஒன்றும் தெரிந்தது: முதலீட்டாளர்கள் விற்ற லாபப் பங்குகள், அவர்கள் விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக அதிகம் ஏறின.

20 சதவீத விதியின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. 1993இல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது முழுதாக வாங்கக்கூட ஆள் வரவில்லை. அன்று 9,500 ரூபாய் போட்டு 100 பங்கு வாங்கியவரிடம், பின்னர் வந்த போனஸ்களும் (நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்குகள்) முகமதிப்புப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சேர்ந்து இன்று 1,02,400 பங்குகள் இருக்கும். பங்கு பட்டியலிடப்பட்டதே 145 ரூபாயில். 20 சதவீத விதிக்காரர் முதல் நாளே கிளம்பியிருப்பார். வாரன் பஃபெட்டும் இதற்குத் தப்பவில்லை: 1966இல் டிஸ்னி பங்குகளை வாங்கி மறு ஆண்டே சுமார் 50 சதவீத லாபத்துக்கு விற்றதைப் பின்னாளில் தன்னைத் தானே கிண்டல் செய்து எழுதினார்.

இன்ஃபோசிஸ் கதையை அத்தோடு நிறுத்துபவர்களை நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் பங்கு வெளியிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு முகவரியே இல்லாமல் போன நிறுவனங்கள் ஏராளம். அவற்றையும் "நீண்ட காலம்" வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

உச்ச விலையைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

இல்லை. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டபோது 25,000 எப்போது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அக்டோபரில் 8,000க்குக் கீழே போனபோது இன்னும் எவ்வளவு இறங்கும் என்று பேசினோம். இரண்டு முறையும் அதே மொட்டை மாடி, அதே ஆட்கள்.

பி.இ. விகிதம் அதிகமானால் விற்றுவிட வேண்டும் என்கிறார்களே?

பி.இ. என்பது பங்கின் விலையை, ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஆண்டு லாபத்தால் வகுத்து வரும் எண். அதிகம் என்றால் விலை அதிகம் என்பது மேலோட்டமாகச் சரி. நெஸ்லே இந்தியா, இந்துஸ்தான் யுனிலீவர் போன்றவை பல ஆண்டுகளாகவே உயர்ந்த பி.இ.யில்தான் இருந்துவந்திருக்கின்றன. அந்த எண்ணை மட்டும் பார்த்து விற்றிருந்தால் பல நல்ல ஆண்டுகளைத் தவறவிட்டிருப்பீர்கள்.

இதில் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வது எஃகு, சிமென்ட், சர்க்கரை, நூற்பாலை மாதிரியான ஏற்ற இறக்கத் தொழில்களைத்தான். எங்கள் ஊரில் நூற்பாலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் ஆலையின் லாபம் கொட்டும். லாபம் கொட்டுவதால் பி.இ. 4, 5 என்று அடிமாட்டு விலை போலத் தெரியும். அதை மலிவு என்று நினைத்து வாங்குபவர், தொழில் தெரிந்தவர் விற்கும் பங்கைத்தான் பெரும்பாலும் வாங்குகிறார். டாடா ஸ்டீல் 2021-22 நிதியாண்டில் 41,000 கோடி ரூபாய்க்கும் மேல் நிகர லாபம் காட்டியது; அடுத்த ஆண்டு அது 8,000 கோடி அளவுக்குச் சுருங்கியது. பங்கின் விலையோ 2021 ஆகஸ்டிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. சாதனை லாபம் அறிவிக்கப்பட்ட 2022 மே மாதத்தில் அது இறங்குமுகத்தில் இருந்தது. இப்படிப்பட்ட பங்குகளைப் பொறுத்தவரை செய்தித்தாளில் "வரலாறு காணாத லாபம்" என்ற தலைப்பைப் பார்த்ததும் விற்பது பற்றி யோசிப்பேன். மற்ற பங்குகளில் அதே தலைப்பைப் பார்த்தால் காபி குடிக்கப் போய்விடுவேன்.

விலை இரட்டிப்பானதும் பாதியை விற்று முதலை எடுத்துவிட்டால், மீதி இலவசம்தானே?

இலவசம் இல்லை. மீதிப் பாதியும் உங்கள் பணம்தான். அது தொலைந்தால் தொலைந்தது உங்கள் பணமே. கணக்குப்படி இந்த முறைக்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஆனாலும் நான் இதைச் செய்திருக்கிறேன், மறுபடியும் செய்வேன். காரணம் கணக்கில் இல்லை, மனத்தில் இருக்கிறது. முதலை எடுத்துவிட்டோம் என்ற நிம்மதி இருந்தால் மீதியைப் பத்து ஆண்டுகள் தொடாமல் இருக்க முடிகிறது. முழுவதையும் வைத்துக்கொண்டு தினமும் விலை பார்த்துப் பதறி, ஒரு மோசமான செவ்வாய்க்கிழமை காலையில் மொத்தமாக விற்றுவிடுவதைவிட இது மேல்.

ஸ்டாப் லாஸ் போட்டுவைத்தால் போதாதா?

ஸ்டாப் லாஸ் என்பது, விலை குறித்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடச் சொல்லிவைக்கும் ஆர்டர். விலை ஏற ஏற ஸ்டாப் லாஸையும் உயர்த்திக்கொண்டே போவது குறுகிய கால வணிகர்களுக்குப் பழகிய முறை. நீண்ட கால முதலீட்டாளர்களுக்கு அது பல நேரங்களில் நல்ல பங்கை ஒரு சாதாரணச் சரிவில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சந்தையில் நேரடியாக இடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய வர்த்தகம் முடிந்ததும் காலாவதியாகிவிடும் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. நாள் கணக்கில் நிற்க வேண்டுமென்றால் தரகு நிறுவனங்கள் தரும், குறித்த விலை வரும்வரை காத்திருக்கும் ஜி.டி.டி. வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதுவும் பாதாளத்தில் காப்பாற்றாது. 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கிப் பங்கு 37 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அன்று மாலை ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது; மறுநாள் பங்கு 16 ரூபாய் அளவில் முடிந்தது. நடுவில் வரிசையாகப் படிகள் இல்லை, நேராகக் குழிதான். அடுத்த வாரம் மறுசீரமைப்புத் திட்டம் வந்தபோது, நூறு பங்குகளும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. 2023 மார்ச் வரை விற்க நினைத்தாலும் விற்க முடியவில்லை.

வரி எவ்வளவு? அதற்காகக் காத்திருக்கலாமா?

2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதம் இது. பட்டியலிடப்பட்ட பங்கை வாங்கி 12 மாதங்களைத் தாண்டி விற்றால் நீண்ட கால மூலதன ஆதாயம். ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம், 20 சதவீதம். இரண்டிலும் வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு லட்சத்துக்கு வாங்கியது பதினோரு மாதத்தில் 1.60 லட்சம் ஆகிவிட்டது. இன்று விற்றால் 60,000 லாபத்துக்கு 12,000 வரி, 480 செஸ். இன்னும் ஒரு மாதம் சொச்சம் பொறுத்தால், வேறு நீண்ட கால ஆதாயம் இல்லாதவருக்கு வரி பூஜ்யம். அதாவது இடைப்பட்ட நாட்களில் பங்கு 7.8 சதவீதம் வரை இறங்கினாலும் காத்திருந்ததில் உங்களுக்கு இழப்பில்லை. அமைதியான பங்கு என்றால் நான் காத்திருப்பேன். சத்யம் போன்ற சங்கதி என்றால் வரியைக் கட்டிவிட்டு ஓடுவேன்.

"12 லட்சம் வரை வரியே கிடையாதாமே" என்று புதிய வரி முறையை நம்பிப் பங்குகளை விற்றுவிட்டு, பிறகு கணக்குத் தாக்கல் செய்யும்போது விழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தள்ளுபடி இந்த மூலதன ஆதாய வரிகளுக்குப் பொருந்தாது. உங்கள் மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே இருந்தால், மிச்சமிருக்கும் வரம்பை இந்த ஆதாயத்தில் கழித்துக்கொள்ளும் வசதி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு உண்டு.

ஒரே பங்கைப் பல தவணையாக வாங்கியிருந்தால், ஒரு டிமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளப்படும். "நான் போன மாதம் வாங்கியதைத்தான் விற்கிறேன்" என்று நீங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதால் எதுவும் மாறாது.

அந்த 1.25 லட்சம் சலுகை ஆண்டோடு போய்விடும். அடுத்த ஆண்டுக்கு நீளாது. அதனால் சிலர் மார்ச் மாதத்தில் அந்த அளவு லாபத்துக்கு விற்று, மீண்டும் அதே பங்கை வாங்கி, வாங்கிய விலையை உயர்த்திக்கொள்கிறார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் விற்ற அன்றே அதே சந்தையில் திரும்ப வாங்கினால் அது ஒருநாள் வணிகமாகக் கழிந்துவிடும். பங்கு உங்கள் கணக்கை விட்டு நகரவே நகராது. மறுநாள் வாங்க வேண்டும். அந்த ஓர் இரவின் விலை மாற்றம் உங்கள் பொறுப்பு. இன்னொன்று, புதிதாக வாங்கியதற்கு 12 மாதக் கணக்கு மறுபடி தொடங்கும்.

போனஸ் கிடைத்த பிறகு விலை பாதியாகிவிட்டது. விற்றுவிடட்டுமா?

ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் விலை பாதியாகத்தான் ஆகும், எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது. ஒரு தோசையை இரண்டாகப் பிய்த்தால் வயிறு கூடுதலாக நிறையாது. விற்கும்போது மட்டும் கவனம் தேவை: போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம், அதன் 12 மாதக் கணக்கு அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கும்.

டெலிகிராம் குழுவில் இலக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்…

வெளியே வாருங்கள். முதலில் குழுவிலிருந்து.

விற்ற பிறகு விலை ஏறினால் மனம் ஆறுவதில்லையே?

2010இல் குடும்பத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்காக ஒரு பங்கை விற்றேன். அது பின்னர் எட்டு மடங்கானது. அதை நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை. 2013இல் இன்னொரு பங்கை, நிறுவனத்தில் எந்தக் குறையும் காணாமல், "இவ்வளவு போதும்" என்று 30 சதவீத லாபத்தில் விற்றேன். வந்த பணத்தில் என்ன செய்வது என்றுகூட யோசித்திருக்கவில்லை. அது சேமிப்புக் கணக்கில் மாதக்கணக்கில் தூங்கியது. இன்றும் உறுத்துவது அதுதான். அதற்குப் பிறகு, விற்கும் முன் ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதுகிறேன்: ஏன் விற்கிறேன், பணம் எங்கே போகிறது. இரண்டாவது வரியை எழுத முடியாமல் பேனாவை மூடிவைத்த நாட்கள் நிறைய.

விற்காமல் இருப்பதில் நம் டிட்கோவை மிஞ்ச ஆளில்லை. டாடா குழுமத்துடன் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கிய இந்தத் தமிழ்நாடு அரசு நிறுவனம், ஓசூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வந்த தன் பங்கை இன்னும் வைத்திருக்கிறது. 27 சதவீதத்துக்கும் மேல். அரசு மெதுவாக இயங்குவதால் கிடைத்த லாபம் என்று எங்கள் மாடியில் ஒருவர் சொல்வார்.

விற்ற பணம் எப்போது கைக்கு வரும்?

விற்றதற்கு அடுத்த வேலை நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் இதுதான் நடைமுறை. தரகுக் கணக்கிலிருந்து வங்கிக்கு மாற்றும் நேரம் தனி. விற்பனை மதிப்பில் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி போகும், தரகும் டி.பி. கட்டணமும் (டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான கட்டணம்) சின்னத் தொகைதான். ஆனால் ஐந்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு விற்பவருக்கு அதுவும் உறுத்தும்.

அப்பா வாங்கிய பழைய பங்குப் பத்திரங்கள் பீரோவில் கிடைத்தன. இப்போது விற்றால்?

காகிதப் பத்திரத்தை அப்படியே விற்க முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகித வடிவில் பெயர் மாற்றி விற்பது நின்றுவிட்டது. வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாற்றி, டிமேட் ஆக்கிய பிறகுதான் விற்பனை. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காமல் கிடந்திருந்தால், பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கக்கூடும்; அங்கிருந்து மீட்க விண்ணப்பிக்கலாம், பொறுமை வேண்டும். வரிக் கணக்கில் அப்பா வாங்கிய விலைதான் உங்கள் விலை, அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். 2018 ஜனவரி 31க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை விலையையே வாங்கிய விலையாகக் கொள்ள முடியும், அதைவிட அதிகமாக விற்கும் பட்சத்தில்.

அந்தப் பத்திரங்களின் பின்னால் அப்பா ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று திருப்பிப் பாருங்கள். எங்கள் மாடி நண்பர் ஒருவருக்குக் கிடைத்த பத்திரத்தோடு ஒரு சீட்டு இருந்தது: "வீடு கட்டும்போது விற்கவும்." வீடு 1997இலேயே கட்டியாகிவிட்டது. சீட்டைத்தான் மறந்துவிட்டார்.